முதலில் எடை, அப்புறம் உடற்பயிற்சியா?

"வெயிட்டை முதல்ல குறைச்சிடறேன், எக்சர்சைஸ் அப்புறம் பார்த்துக்கலாம்." பிசியோதெரபிஸ்டாக என் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உடம்பு கனக்கிறது, முட்டி வலிக்கிறது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோ இறங்கிவிட்டால் எல்லாம் எளிதாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிதானமாகச் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைப்பவர்களுக்கு இந்த வரிசையால் பெரிய சேதம் இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு 800 கலோரி, அதற்கும் கீழே என்று இறங்குகிறவர்களுக்கு இது ஆபத்தான வரிசை. தசை கரைவது எடை குறையும் அந்த வாரங்களில்தான். அதைத் தடுக்க வேண்டியதும் அப்போதுதான்.

இப்படிப்பட்ட டயட்டே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வின் முதல் முடிவுகள் 2017இல் வந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை வழக்கமான உணவை நிறுத்திவிட்டு, தினம் 825 முதல் 853 கலோரி கொண்ட சூப், ஷேக் மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை அளவு நோய் வரம்புக்குக் கீழே இருந்தது. கல்லீரல் கொழுப்பு, அறுவை சிகிச்சைக்கு முன் அவசரமாக எடை குறைக்க வேண்டிய நிலை என்று வேறு நல்ல காரணங்களும் உண்டு. மருத்துவர் மேற்பார்வையில் இதைச் செய்கிறவர்களை நான் மதிக்கிறேன். பசியோடு மாதக்கணக்கில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பாடுக்கு முழுப் பலன் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

சமீபத்தில் வந்த ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர். மருத்துவர் சொன்னபடி டயட் இருந்து, பதினைந்து கிலோவுக்கு மேல் குறைத்திருந்தார். முகத்தில் தெளிவு, பேச்சில் உற்சாகம்.

"சுகர் மாத்திரையை டாக்டர் நிறுத்திட்டார் மேடம். அந்தச் சந்தோஷம் இருக்கு. ஆனா கீழ உட்கார்ந்தா எழுந்திருக்கவே முடியல. வெயிட் குறைஞ்சா லேசாகத்தானே இருக்கணும்?"

"மாடிப்படி ஏறுறீங்களாம்மா?"

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான்."

"டயட் இருந்த மாசங்கள்ல உடற்பயிற்சி ஏதாவது?"

"கொஞ்சம் நடந்தேன். மத்ததெல்லாம் வெயிட் குறைஞ்சப்புறம் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன்."

கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழச் சொன்னேன். உடம்பை முன்னால் சாய்த்து ஒரு உந்தல் கொடுத்தார், மறுபடி ஒன்று கொடுத்தார். இருக்கையிலிருந்து இடுப்பு கொஞ்சம் கிளம்பிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டது. அடுத்த முறை கட்டியிருந்த கை தானாகவே அவிழ்ந்து தொடையில் ஊன்றியது. பிறகு காலை நீட்டிப் படுக்கவைத்து, முட்டிக்கு மேலே உட்புறமாக என் உள்ளங்கையை வைத்து, "முட்டியைப் படுக்கையில் அழுத்துங்க" என்றேன். அந்த இடத்தில் ஒரு தசை எழும்பிக் கெட்டியாகக் கையில் முட்ட வேண்டும். முட்டியைக் கடைசிவரை நேராக நீட்டிப் பிடிக்க உதவுவது அது. கைக்குக் கீழே ஒரு சின்னத் துடிப்பு வந்து அடங்கிவிட்டது. அந்த இடமே குழிந்திருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். குறைந்த பதினைந்து கிலோவும் கொழுப்பு இல்லை அம்மா, அதில் உங்கள் தொடையும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

உடம்பு ஏன் தசையில் கை வைக்கிறது என்று அவர் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். இவ்வளவு கொழுப்பு இருப்பில் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது, பெரும்பங்கு கொழுப்பிலிருந்துதான் போகிறது. ஆனால் மூளை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கல்லீரலில் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 100 கிராம். சாப்பாடு நின்றால் ஒரு நாளிலேயே அது பெரும்பாலும் காலி. கொழுப்பு அமிலங்களை உடம்பால் குளுக்கோஸாக மாற்ற முடியாது. கொழுப்போடு ஒட்டியிருக்கும் கிளிசரால் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். மீதிக்கு அமினோ அமிலங்கள் வேண்டும். அவை பெருமளவில் இருக்கும் இடம் தசை. ஆகவே தசைப் புரதம் பிரிந்து, அலனைன் போன்ற அமினோ அமிலங்களாகக் கல்லீரலுக்குப் போய், அங்கே குளுக்கோஸாகிறது. இதன் கணக்கு சிறுநீரில் தெரியும், புரதம் சிதைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வெளியேறும். ஒரு கிராம் நைட்ரஜன் வெளியேறினால் 6.25 கிராம் புரதம் போயிருக்கிறது, தசையாகக் கணக்கிட்டால் 30 கிராமுக்குப் பக்கம். முழுப் பட்டினியின் ஆரம்ப நாட்களில் தினம் 10, 12 கிராம் நைட்ரஜன் போவது உண்டு. நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது இப்படியே போனால் மனிதன் பட்டினியில் சில வாரம்கூடத் தாங்க மாட்டான். அப்படி ஆவதில்லை. 1960களில் அமெரிக்காவில் ஜார்ஜ் கேஹில் குழுவினர் பட்டினியின் உடலியங்கியலைப் படிப்படியாக ஆராய்ந்தார்கள். பல வாரப் பட்டினியில் மூளை தன் எரிபொருளின் பெரும்பகுதிக்குக் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்களுக்கு மாறிவிடுகிறது என்று 1967இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு தசையின் மேல் விழும் பாரம் குறைகிறது, நைட்ரஜன் இழப்பும் தினம் 3, 4 கிராமுக்கு இறங்குகிறது. 800 கலோரி டயட்டில் நடப்பது இதன் மிதமான வடிவம். ஆனாலும் ஆரம்ப வாரங்களில்தான் தசைக்கு அதிக நெருக்கடி என்பது இங்கேயும் பொருந்தும். அந்த வாரங்களில்தான் நம்மவர்கள் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தசை தினமும் கொஞ்சம் சிதைந்து, தினமும் திரும்பக் கட்டப்படும் ஒன்று. கலோரி பற்றாக்குறையில் இந்தக் கட்டுமானம் மந்தமாகிவிடுகிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் புழங்காத பாத்திரம்தான் முதலில் விலைக்குப் போகும். உடம்பும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. பளு தூக்குகிற, படியேறுகிற, எதிர்ப்பைத் தள்ளுகிற தசை தேவையான தசை, அதைப் பராமரிக்கும் உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். நாற்காலியிலேயே இருக்கும் தொடைக்கு அந்த உத்தரவு போவதில்லை.

எடை மெஷின் இதில் எதையும் சொல்லாது. முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் இருக்கும் கிளைகோஜன் எல்லாம் சேர்த்து அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே முதல் வாரக் குறைவில் பெரும்பகுதி தண்ணீர். இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்ற திசு எவ்வளவு என்று அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் 'கொழுப்பற்ற திசு' குறைந்ததாக வரும் எண் முழுவதும் தசை இல்லை, அதில் தண்ணீரும் உள்ளுறுப்புகளும் சேர்ந்திருக்கின்றன. குறைகிற எடையில் நாலில் ஒரு பங்கு கொழுப்பற்ற திசு என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். கனமான உடம்பைச் சுமந்து பழகிய தசையில் கொஞ்சம் குறைவது இயல்பும்கூட. அதனால் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் பதற வேண்டாம். காலில் மின்சாரம் விட்டு அளக்கும் வீட்டு மெஷின்களின் 'தசை சதவீதம்' அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்பதற்கேற்ப மாறும், அதை நான் பார்ப்பதே இல்லை.

நான் பார்ப்பது நாற்காலியை. கை கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் போதாது என்று, முதுமைத் தசையிழப்புக்கான ஐரோப்பிய நிபுணர் குழு 2019இல் வெளியிட்ட வரையறை சொல்கிறது. செலவில்லாத சோதனை. டயட் தொடங்கும் நாளில் ஒரு முறை, பிறகு வாரா வாரம் செய்து எழுதி வையுங்கள். எடை இறங்கும்போது இந்த விநாடிகளும் இறங்க வேண்டும். சுமை குறைந்த உடம்பு சீக்கிரம் எழத்தானே வேண்டும்? எடை இறங்கி, விநாடிகள் ஏறினால் அது நல்ல செய்தி இல்லை. உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, 800 கலோரியில் பயிற்சி செய்ய முடியுமா, செய்தால் பலன் இருக்குமா? 1999இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்வை நான் எல்லோருக்கும் சொல்வேன். இருபது பேர், பன்னிரண்டு வாரம், எல்லோருக்கும் ஒரே 800 கலோரி திரவ உணவு. ஒரு பாதிக்கு நடை, சைக்கிள் மாதிரியான ஏரோபிக் பயிற்சி, வாரம் நாலு நாள். மறு பாதிக்கு பளுப் பயிற்சி, வாரம் மூன்று நாள், படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஏரோபிக் குழு எடையோடு கொழுப்பற்ற திசுவிலும் நாலு கிலோ அளவுக்கு இழந்தது. பளுக் குழு அதைக் கிட்டத்தட்ட இழக்கவே இல்லை. இருபது பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஒரே சாப்பாடு, வேறு வேறு பயிற்சி, இவ்வளவு வித்தியாசம்! தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன், போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது. நடை இதயத்துக்கு நல்லது, மனசுக்கு நல்லது, விடாதீர்கள். தசையைத் தக்கவைக்க மட்டும் அது போதாது.

வேகமும் ஒரு காரணம். நெதர்லாந்தில் 2016இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரு குழு 500 கலோரியில் ஐந்து வாரம் இருந்தது, இன்னொரு குழு 1250 கலோரியில் பன்னிரண்டு வாரம். இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு எடை குறைத்தன. வேகமாகக் குறைத்தவர்கள் கொழுப்பற்ற திசுவை அதிகம் இழந்திருந்தார்கள். அவசரக் காரணம் இல்லாதவர்கள் மெதுவான வழியைத் தேர்ந்தெடுத்தால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன்.

புரதத்துக்கு வருவோம். மொத்தக் கலோரி குறையக் குறைய, அதற்குள் புரதத்தின் பங்கு கூட வேண்டும். பெரும்பாலோர் செய்வது நேர்மாறு. எல்லாவற்றையும் சரிபாதியாக வெட்டுகிறார்கள், புரதமும் பாதியாகிறது. 1970களில் அமெரிக்காவில் புரதத்தைக் காக்கும் உண்ணாநோன்பு என்ற மருத்துவ முறை உருவானபோது, ஒருவரின் உயரத்துக்கு உகந்த எடையை எடுத்து, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நல்ல புரதம் கொடுத்தார்கள். உகந்த எடை 60 கிலோ என்றால் 90 கிராம் வரை. அதுவே 360 கலோரி. 800இல் கிட்டத்தட்ட பாதி! ஷேக் டப்பாவின் பின்புறத்தைத் திருப்பி, ஒரு நாளைக்குச் சொல்லப்பட்ட மொத்த அளவில் எத்தனை கிராம் புரதம் என்று கூட்டிப் பாருங்கள். குறைந்தால், அதை எப்படி ஈடுகட்டலாம் என்று உணவியல் நிபுணரிடம் கேளுங்கள். முட்டை வெள்ளை, மீன், கொழுப்பு நீக்கிய பால், சோயா என்று குறைந்த கலோரியில் புரதம் தரும் வழிகள் இருக்கின்றன. அதை ஒரே வேளையில் கொட்டாமல், வேளைக்கு 25, 30 கிராமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

புரதம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, தரமும் வேண்டும். இதற்கு மனிதர்கள் கொடுத்த விலை கொஞ்சமில்லை. 1970களின் நடுவில் அமெரிக்காவில் 'திரவப் புரதம்' என்று ஒரு பானம் பரவியது. மாட்டுத்தோல், தசைநாண் போன்றவற்றின் கொலாஜன் என்ற புரதத்தைச் சின்னத் துண்டுகளாக உடைத்துச் செய்தது. இன்றியமையாத அமினோ அமிலங்கள் அதில் சரியாக இல்லை. அதை மட்டுமே குடித்து தினம் 300, 400 கலோரியில் இருந்தவர்களில் ஏறக்குறைய 60 மரணங்கள் பதிவாயின. பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார்கள், உடற்கூறாய்வில் இதயத் தசையே மெலிந்திருந்ததும் தெரிந்தது. இதயமும் தசைதான் என்பதை இவ்வளவு கொடூரமாகச் சொன்ன சம்பவம் வேறில்லை. பொட்டாசியம், மக்னீசியம் போன்ற உப்புகளைப் பரிசோதிக்காமல், யாரோ அனுப்பிய அட்டவணையை வைத்துக்கொண்டு 500 கலோரியில் தனியாக இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து வேண்டாம்.

பயிற்சி என்று நான் கொடுப்பது எளிமையானது. நாற்காலியிலிருந்து எழுவது, மெதுவாக, உட்காரும்போது மனதுக்குள் மூன்று எண்ணி இறங்குவது. சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது. சுவரில் கை வைத்துத் தள்ளி எழுவது. ரெசிஸ்டன்ஸ் பேண்டை, அதாவது இழுத்தால் நீளும் ரப்பர் பட்டையை, இரண்டு கையாலும் பின்னால் இழுப்பது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கஷ்டமாக இருக்க வேண்டும், அந்தக் கஷ்டம்தான் தசைக்குப் போகும் செய்தி. ஏற்கனவே ஜிம்முக்குப் போகிறவர்கள் டயட் நாட்களில் களைப்பாக இருக்கிறது என்று டம்பெல்லின் எடையைக் குறைப்பார்கள். அதற்குப் பதில், தூக்கும் எடையை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றுகளைக் குறையுங்கள். தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். முன்பு இதயப் பிரச்சினை இருந்தவர்கள் அனுமதி வாங்காமல் தொடங்கவே கூடாது.

"போன தசையை அப்புறம் மீட்டுக்கலாமே" என்பார்கள். மீட்கலாம், இளைஞர்களுக்குச் சுலபம். அந்தப் பெண்மணிக்கும் நான் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். ஆனால் திரும்பி வரும் எடை எந்த வரிசையில் வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944, 45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்தார். தினம் சுமார் 1570 கலோரி. வாரம் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு போனது, பலமும் கூடவே போனது. மறுபடி சாப்பாடு கொடுத்தபோது கொழுப்பு முந்திக்கொண்டு திரும்பியது, தசை பின்தங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைக் கவனித்தார்கள். கொழுப்பு பழைய அளவுக்கு வந்த பிறகும் அவர்களின் அகோரப் பசி அடங்கவில்லை, இழந்த தசையும் திரும்பும் வரை நீடித்தது. அதற்குள் கொழுப்பு முன்பைவிடக் கூடிவிட்டது. அவர்கள் ஒல்லியாக இருந்த இளைஞர்கள், அதை அப்படியே பருமனானவர்களுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் டயட் முடித்து வருகிறவர்கள் "பசி அடங்கவே மாட்டேங்குது" என்று குற்ற உணர்ச்சியோடு சொல்லும்போது, மன உறுதி இல்லாததால் வந்தது இல்லை இது என்று நான் அவர்களிடம் அழுத்திச் சொல்கிறேன்.

ஐம்பது, அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த மீட்பு இன்னும் கடினம். முப்பதுக்குப் பிறகே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை தானாகவே குறைந்துகொண்டு வரும். அதன்மேல் இரண்டு மூன்று முறை கடும் டயட், ஒவ்வொரு முறையும் தசை போய்க் கொழுப்பாகத் திரும்பினால், எடை பழைய அளவே இருந்தும் கால் மட்டும் பலவீனமாகிவிடும். இப்படிப்பட்டவர்கள் கீழே விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வரும்போதுதான் நான் பார்க்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

இப்போது எடை குறைக்கும் ஊசிகள் வந்துவிட்டன. பசி அடியோடு குறைந்து, டயட் என்று பெயர் வைக்காமலேயே மிகக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளுடைடின் பெரிய ஆய்வு ஒன்றில் சிலருக்கு மட்டும் டெக்ஸா எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் 40 சதவீதத்துக்குப் பக்கம் கொழுப்பற்ற திசுவாக இருந்தது. அவர்களுக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். பசியே இல்லாததால் புரதம் சாப்பிடவே தோன்றாது, ஆகவே தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு மற்றதற்குப் போகச் சொல்கிறேன்.

சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுப் புரதத்தைத் தாமாகக் கூட்டிவிடக் கூடாது, அவர்களுக்கான அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வேகமாக எடை குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் வலது மேல் வயிற்றில் வலி வந்தால் அலட்சியம் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவை டயட் தொடங்கும்போதே மாற்ற வேண்டி வரும். மருத்துவரிடம் இதையெல்லாம் பேசும் அதே முதல் சந்திப்பில், எனக்கு எத்தனை கிராம் புரதம், நான் எந்தப் பளுப் பயிற்சியை இந்த வாரமே தொடங்கலாம் என்ற இரண்டையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.